நிறச்செறிவும் அதன் இழப்பும்: வான் கோவின் 'படுக்கையறை' ஓவியத்தை முன்வைத்து

முன்னுரை

வின்சென்ட் வான் கோ 1888ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், பிரான்சின் தென்பகுதியிலுள்ள ஆர்ல் நகரில் தீட்டிய 'படுக்கையறை' என்னும் ஓவியத்தை அறியாதார் இன்று குறைவு. நாட்காட்டிகளிலும் அஞ்சலட்டைகளிலும் காப்பிக் கோப்பைகளிலுங்கூட அது இடம்பெற்றுவிட்டது. மஞ்சள் கட்டில், அதன்மேல் சிவப்புப் போர்வை, இரண்டு நாற்காலிகள், பாதி திறந்தது போன்றதொரு சன்னல், சுற்றிலும் வெளிர்நீலச் சுவர். இவ்வோவியத்தைக் குறித்து எழுதப்படும் மாணவர் கட்டுரைகளைப் படித்துவரும் நமக்கு ஒரு விளக்கம் நன்கு பழகிப் போய்விட்டது. சுவர்களின் நீலம் ஓவியனின் தனிமையையும் மனச்சோர்வையும் புலப்படுத்துகிறது என்பதே அவ்விளக்கம். 1890இல் அவன் உயிர் துறந்ததை இதனோடு முடிச்சிட்டு எழுதுவோரும் உளர். மாணவரை மட்டும் குறை கூறுவதற்கில்லை. நாமும் ஒரு காலத்தில் அவ்வாறே கற்பித்திருக்கிறோம்.

ஆயின், வான் கோ நீலச் சுவர்களைத் தீட்டவில்லை. ஓவியத்தைத் தீட்டிக்கொண்டிருந்தபோதே, அக்டோபர் 16ஆம் நாளன்று, தம்பி தியோவுக்கு அவன் எழுதிய கடிதத்தில் சுவர்கள் வெளிர்ஊதா நிறத்தன என்று தெளிவாகக் குறித்துள்ளான். கதவுகளும் இளம் ஊதாவே. இன்று நாம் காணும் நீலம், ஊதாவில் கலந்திருந்த சிவப்பு ஒளிபட்டு வெளிறியபின் எஞ்சிய பகுதி. ஓவியனின் மனநிலையாக நாம் விளக்கிவந்தது ஒரு சாயத்தின் நலிவை.

இப்பிழை எவ்வாறு நேர்ந்தது என்று ஆராய்கையில், நிறத்தைப் பற்றிப் பேசும்போது நாம் அதன் பெயரை மட்டுமே பேசுகிறோம் என்பது புலனாகிறது. நீலம், சிவப்பு, மஞ்சள் என்று பெயரிட்டவுடன் பணி முடிந்ததாகக் கருதி, அப்பெயருக்கு ஒரு குறியீட்டுப் பொருளை ஏற்றிவிடுகிறோம். அந்நிறம் எவ்வளவு செறிவாக உள்ளது, பக்கத்து நிறத்தால் அச்செறிவு கூடியதா குறைந்ததா என்னும் வினாக்கள் எழுவதேயில்லை. ஓவியத்தில் பொருள் பெரும்பாலும் அவ்வினாக்களுக்குரிய இடத்திலேதான் உருவாகிறது என்பது நம் கருத்து.

சொல்லும் பொருளும்

அமெரிக்க ஓவிய ஆசிரியர் ஆல்பர்ட் மன்செல் 1905இல் வெளியிட்ட நூலில் நிறத்தை மூன்று கூறுகளாகப் பகுத்தார். சிவப்பா, பச்சையா என்பது நிறவகை. வெண்மைக்கு அருகிலுள்ளதா, கருமைக்கு அருகிலுள்ளதா என்பது ஒளிர்மை. அதே ஒளிர்மையுள்ள சாம்பல் நிறத்திலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்பது செறிவு. இம்மூன்றாவதை மன்செல் 'குரோமா' என்றார். நிற அறிவியலார் குரோமாவுக்கும் செறிவுக்கும் இடையே நுண்ணியதொரு வேறுபாடு காண்பர். நம் நோக்கத்திற்கு இரண்டையும் ஒன்றாகக் கொள்வதில் இழுக்கில்லை.

தமிழில் இடர்ப்பாடு இங்கேதான் தொடங்குகிறது. 'அடர்நீலம்' என்கிறோம். துணிக்கடையில் இச்சொல் கருமை கலந்த நீலத்தைக் குறிக்கிறது. ஓவியக் கட்டுரையில் அதே சொல் செறிவு மிக்க நீலத்தைக் குறிக்கவும் ஆளப்படுகிறது. இவையிரண்டும் வேறுவேறு. மலேசியத் தொடக்கப்பள்ளி மாணவரின் சீருடைக் கருநீலம் ஒளிர்மையில் மிகத் தாழ்ந்தது. செறிவிலும் அது உயர்ந்ததன்று. மீன்கொத்தியின் முதுகிலுள்ள நீலமோ ஒளிர்மையில் அதனினும் பன்மடங்கு மேற்பட்டது, செறிவிலும் மேற்பட்டது. இரண்டையும் 'அடர்' என்னும் ஒரே அடையால் சுட்டினால் திறனாய்வு தடுமாறும். 'வெளிர்' என்பதன் நிலையும் இதுவே. வெண்மை கூடியதையும் சாயம் குன்றியதையும் அச்சொல் ஒருசேரக் குறிக்கிறது.

தமிழில் செறிவுணர்வே இல்லை என்று இதனால் கொள்ளலாகாது. செக்கச்செவேல், பச்சைப்பசேல் என்னும் அடுக்குகள் நிறம் நிரம்பி வழியும் நிலையைத்தான் காட்டுகின்றன. வயலைப் பச்சை என்பதற்கும் பச்சைப்பசேல் என்பதற்கும் உள்ள வேறுபாடு முழுக்கமுழுக்கச் செறிவின் வேறுபாடு. ஆனால் கன்னங்கரேல், வெள்ளைவெளேர் என்றும் சொல்கிறோம். கருப்பிலும் வெண்மையிலும் செறிவு என்பதே இல்லை. ஆகவே இவ்வடுக்குகள் 'நிறைவு' என்னும் பொதுவானதோர் உணர்வைக் குறிக்கின்றனவேயன்றிச் செறிவைத் தனித்துக் குறிக்கவில்லை. செறிவு குன்றிய நிறங்களுக்கு நாம் பொருள்களிடமிருந்து பெயர் கடன் வாங்கினோம்: காவி, தவிட்டு நிறம், செங்கல் நிறம், புகை நிறம். பழுப்பு என நாம் அழைப்பதும் ஒளிர்மையும் செறிவும் தாழ்ந்த செம்மஞ்சளே என்பதை மாணவர் எளிதில் நம்புவதில்லை. வண்ணக்குழம்பைக் கலந்து காட்டினால் நம்புவர்.

தொல்காப்பிய உரியியலில் 'குரு', 'கெழு' என்னும் இரு சொற்களுக்கும் நிறம் என்று பொருள் கூறப்பட்டிருத்தலைத் தமிழாசிரியர் நன்கறிவர். 'கெழுமுதல்' என்னும் வினைக்கு நிறைதல், மிகுதல் என்னும் பொருள்களும் உள. இவ்விரண்டுக்கும் வேர்த்தொடர்பு உண்டா என்பது சொல்லாய்வாளர் முடிவு செய்யவேண்டியது. எனினும் நிறச்செறிவைக் குறிக்க ஒரு பழஞ்சொல்லைப் புதுக்கிக்கொள்ள விரும்புவோர்க்குக் 'கெழுமை' பொருத்தமாக அமையக்கூடும் என்று தோன்றுகிறது. இக்கட்டுரையில் நாம் வழக்கிலுள்ள 'செறிவு' என்பதையே ஆள்கிறோம்.

செறிவு கூடுதலும் குறைதலும்

பாடநூல்கள் செறிவைக் குறைக்கும் வழிகளைக் கூறும்: வெள்ளை சேர்த்தல், கருப்புச் சேர்த்தல், சாம்பல் சேர்த்தல், எதிர்நிறம் சேர்த்தல். இவற்றுள் முதலாவது முழு உண்மையன்று. அல்ட்ராமரின் நீலத்தைக் குழாயிலிருந்து பிதுக்கித் தடிப்பாகப் பூசினால் அது ஏறத்தாழக் கருப்பாகத் தோன்றும். சிறிது வெள்ளை சேர்த்தவுடன் நீலம் விழித்தெழுகிறது. செறிவு அப்போது கூடுகிறது. மேலும் மேலும் வெள்ளை சேர்த்தால்தான் குறையத் தொடங்கும். ஒவ்வொரு நிறவகைக்கும் அதன் செறிவு உச்சமடையும் ஒளிர்மை வேறு என்பதே இதற்குக் காரணம். மஞ்சள் மிக ஒளிர்ந்த நிலையில் உச்சம் பெறும். நீலமும் ஊதாவும் தாழ்ந்த ஒளிர்மையில் உச்சம் பெறும். மன்செல் நிறங்களை முப்பரிமாண வடிவில் அடுக்கியபோது சீரான கோளம் கிடைக்காமல் ஒருபக்கம் புடைத்த உருவம் கிடைத்தது இதனாலேயாகும். கருமை ஏறிய மஞ்சள் ஏன் மஞ்சளாகவே இராமல் பாசி நிறமாகிறது என்ற வினாவுக்கும் விடை இதனுள் அடங்கும்.

எதிர்நிறம் சேர்த்தல் தனியே கருதத்தக்கது. சிவப்பில் சிறிது பச்சையைக் கலந்தால் சிவப்பின் வீறு தணிகிறது. ஆனால் சாம்பல் கலந்தது போல உயிரற்றுப் போவதில்லை. பிரெஞ்சு ஓவியர் இவ்வாறு தணிக்கப்பட்டதை 'உடைந்த நிறம்' என்பர். இத்தொடர் பின்னர் நமக்குத் தேவைப்படும்.

குழம்பில் எதையும் கலவாமலே செறிவு மாறுவதும் உண்டு. வேதியியலறிஞர் மிஷெல் ஷெவ்ரொல் 1824இல் பாரிசிலுள்ள கோப்லான் நெசவுக்கூடத்தின் சாயப்பகுதிக்குத் தலைவரானார். அங்குச் சாயமேற்றிய கருப்பு நூல் போதிய கருமையின்றி இருக்கிறது என்று குறை கூறப்பட்டது. ஆராய்ந்து பார்த்ததில் நூலில் பழுதில்லை; அதனருகே நெய்யப்பட்ட நீலமும் ஊதாவும் கருப்பைச் சோர்வடையச் செய்திருந்தன. இவ்வாராய்ச்சியின் பயனாக 1839இல் வெளிவந்த அவருடைய பெருநூல், அடுத்தடுத்து வைக்கப்படும் நிறங்கள் ஒன்றையொன்று தத்தம் எதிர்நிறத்தை நோக்கித் தள்ளுகின்றன என்று நிறுவியது. ஊதாவின் அருகிலுள்ள மஞ்சள் மேலும் மஞ்சளாகும். சிவப்பின் நடுவே வைத்த சாம்பல் பச்சையேறித் தோன்றும். ஒரு நிறத்தின் செறிவு அதனிடத்தே மட்டும் இல்லை, அதன் அண்டை அயலிலும் உள்ளது என்பது இதனால் பெறப்படும்.

சாம்பலில் கற்ற பாடம்

வான் கோவைச் செறிந்த நிறங்களின் ஓவியன் என்று போற்றுவது வழக்கம். அவன் அக்கலையைக் கற்றது செறிவற்ற நிறங்களில் என்பது போதிய அளவு பேசப்படுவதில்லை. ஹாலந்தின் நூனென் சிற்றூரில் வாழ்ந்தபோது, 1884ஐ ஒட்டிய காலத்தில், சார்ல் பிளான் என்பாரின் நூல்கள்வழி ஷெவ்ரொலின் கருத்துகளையும் தெலக்ருவாவின் நிறமுறையையும் அவன் ஊன்றிப் படித்தான். அக்கல்வியின் விளைவு 1885இல் தீட்டிய 'உருளைக்கிழங்கு உண்போர்'. அவ்வோவியத்தில் செறிந்த நிறம் என ஒன்றைத் தேடினும் காண்டல் அரிது. முகங்களை முதலில் வழக்கமான தோல்நிறத்தில் தீட்டிப் பின் அவற்றின்மேல் மண் படிந்த, தோல் சீவாத உருளைக்கிழங்கின் நிறத்தைப் பூசியதாக அவனே எழுதியிருக்கிறான். அக்கிழங்கு நிறம் ஒரே பழுப்பன்று. எதிர்நிறங்களைக் கலந்து உடைத்துப் பெற்ற பல்வகைச் சாம்பல்களின் தொகுதி அது.

1886இல் பாரிசு சென்றபின் அவனுடைய நிறத்தட்டு ஒளிபெற்றது. 1888 பிப்ரவரியில் ஆர்லை அடைந்தபின் செறிவு உச்சத்தை எட்டியது. ஆயினும் நூனெனில் கற்றது மறக்கப்படவில்லை. ஆர்ல் ஓவியங்களில் உரத்து ஒலிக்கும் நிறங்களை மட்டும் கேட்போர், அவற்றைத் தாங்கி நிற்கும் உடைந்த நிறங்களைக் கேளாது விடுகின்றனர்.

படுக்கையறையின் நிற அமைப்பு

தியோவுக்கு எழுதிய கடிதத்தில் அறையின் ஒவ்வொரு பொருளுக்கும் நிறம் குறிக்கப்பட்டுள்ளது. சுவர் வெளிர்ஊதா. தரை சிவப்பு ஓடு. கட்டிலும் நாற்காலிகளும் புது வெண்ணெயின் மஞ்சள். விரிப்பும் தலையணைகளும் மிக வெளிறிய எலுமிச்சைப் பச்சை. போர்வை கருஞ்சிவப்பின்றிப் பளிச்சிடும் சிவப்பு. சன்னல் பச்சை. முகங்கழுவும் மேசை செம்மஞ்சள், அதன் மேலுள்ள கிண்ணம் நீலம். நிழல்கள் நீக்கப்பட்டுவிட்டன, ஜப்பானிய அச்சோவியங்களைப் போல நிறங்கள் தட்டையாகப் பூசப்பட்டுள்ளன. இவை அனைத்தும் சேர்ந்து ஓய்வையும் உறக்கத்தையும் உணர்த்தவேண்டும் என்பதே தன் எண்ணம் என்றும் அவன் தெரிவிக்கிறான்.

இப்பட்டியலைப் படிப்போர்க்கு ஐயம் எழுதல் இயல்பு. சிவப்பு, பச்சை, மஞ்சள், செம்மஞ்சள், நீலம் எல்லாம் ஒரு சிற்றறையில் மோதும்போது ஓய்வு எங்ஙனம் வரும்? நிறங்களுக்குத் தனித்தனியே பொருள் கூறும் முறையில் இவ்வினாவுக்கு விடையில்லை. பட்டியலை இணைகளாகப் பிரித்துப் பார்த்தால் விடை கிடைக்கிறது. ஊதாச் சுவருக்கு மஞ்சள் கட்டில் எதிர்நிறம். சிவப்புப் போர்வைக்குப் பச்சைச் சன்னல். செம்மஞ்சள் மேசைக்கு நீலக் கிண்ணம். இவை மூன்று இணை. கருஞ்சட்டமிட்ட கண்ணாடியின் வெண்மையை நான்காவது இணையாக அவனே எண்ணிச் சேர்க்கிறான். இணையின்றித் தனித்து நிற்கும் நிறம் அறையில் ஒன்றுமில்லை. ஒவ்வொன்றும் தன் எதிரியைக் கண்டு அடங்கியிருக்கிறது. ஓய்வு என்று அவன் கருதியது இச்சமனிலையை என்பது நம் துணிபு.

செறிவின் பரப்பளவையும் நோக்குதல் வேண்டும். பெரும்பரப்பைக் கொள்வன சுவரும் தரையும். அவை தணிந்த செறிவுடையன. செறிவு மிக்க சிவப்பு போர்வையில் மட்டும், ஓவியத்தின் ஒரு மூலையில். செம்மஞ்சளும் நீலமும் சிறுபொருள்களில். இசையில் சுருதி இடையறாது ஒலிக்க, அதன்மேல் சில சுரங்கள் எழுவதுபோன்ற ஏற்பாடு இது. சுருதியாக நின்றது வெளிர்ஊதா.

இனி, அவ்வூதா நீலமாகும்போது நிகழ்வதைக் காண்போம். ஊதா இருந்தவரை அது கட்டிலைத் தூய மஞ்சளை நோக்கித் தள்ளிற்று. நீலத்தின் எதிர்நிறம் செம்மஞ்சள். ஆகவே நீலச் சுவர் அதே கட்டிலைச் செம்மஞ்சளை நோக்கித் தள்ளுகிறது. கட்டிலின் நிறமி எதுவாயினும் கண்ணுக்கு அது இடம்பெயர்ந்துவிட்டது. வெண்ணெயின் குளிர்ந்த மஞ்சளாக இருக்கவேண்டியது வெந்த நிறமாகத் தெரிகிறது. கட்டிலின் நிறம் செம்மஞ்சள் மேசையின் நிறத்தை நெருங்க, அம்மேசை தன் தனித்தன்மையை இழக்கிறது. நீலக் கிண்ணமோ நீலச் சுவரில் கரைகிறது. முதல் இணை முறிந்ததால் மூன்றாம் இணையும் நொறுங்கிற்று. சுவரில் கலந்திருந்த சிறிதளவு சிவப்பு மறைந்ததன் விளைவு இத்துணை!

இவ்வோவியம் அமைதியைத் தரவில்லை, ஒருவகைப் பதற்றத்தையே தருகிறது என்று திறனாய்வாளர் பலர் கூறியுள்ளனர். கட்டில் நம்மை நோக்கிச் சரிவதும் சுவர்கள் கோணலாக நிற்பதும் அதற்குக் காரணமாகக் காட்டப்படுகின்றன. அவ்வறை உண்மையிலேயே கோணலானது. அக்காரணங்களை நாம் மறுக்கவில்லை. ஆயினும் அப்பதற்றத்தில் ஒரு பங்கு இணையிழந்த மஞ்சளினுடையது என்பதைச் சேர்த்துக் கூறாவிடில் கணக்குச் சரியாகாது.

அரக்கும் ஒளியும்

மறைந்த சிவப்பு எத்தகையது? அக்கால ஓவியர் ஆண்ட ஒளிமிக்க சிவப்புகள் பல 'லேக்' என்னும் வகையின. கரையும் சாயமொன்றை நிறமற்ற பொடியில் ஏற்றி நிலைப்படுத்திச் செய்வது அவ்வகை. 'லேக்' என்னும் பெயரே இந்திய நாட்டு அரக்கின் வடமொழிப் பெயராகிய 'லாட்சா' என்பதன் வழிவந்தது. காஞ்சிப் பட்டில் 'அரக்கு நிறம்' என்று நம் மகளிர் கேட்டு வாங்குவதும் அதே அரக்கை நினைவூட்டும் சிவப்பைத்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பூச்சியிலிருந்து பெறும் சாயங்களோடு ஈயோசின் போன்ற செயற்கைச் சாயங்களும் சேர்ந்தன. கண்ணைப் பறிக்கும் செறிவு, ஆனால் ஒளியைத் தாங்கும் ஆற்றல் மிகக் குறைவு. ஒளி சாய மூலக்கூறுகளைச் சிதைக்கச் சிதைக்கச் சிவப்பு வெளிறுகிறது. கனிமத்தால் ஆன நீல நிறமி அதனுடன் வெளிறுவதில்லை.

படுக்கையறைக்கு மட்டும் நேர்ந்த தீங்கன்று இது. 1890 மே மாதத்தில் வான் கோ தீட்டிய ஐரிசு மலர்க்கொத்துகளுள் ஒன்று நியூயார்க்கு மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் உள்ளது. இளஞ்சிவப்புப் பின்னணியில் ஊதா மலர்கள் என்பது ஓவியன் குறித்த அமைப்பு. இன்று ஏறத்தாழ வெண்மையான பின்னணியில் நீல மலர்களைக் காண்கிறோம். அதன் துணையோவியத்தில் மஞ்சள் பின்னணியின்முன் ஊதா மலர்களை வைத்து, எதிர்நிறங்களின் கடும் மோதலை அவன் காட்ட எண்ணினான். அங்கும் ஊதா நீலமாயிற்று. ஆக, மென்மைக்கென ஒன்றும் மோதலுக்கென ஒன்றுமாக அமைத்த இரட்டை ஓவியங்கள் இரண்டுமே தத்தம் நோக்கத்திலிருந்து விலகிவிட்டன. மஞ்சளும் தப்பவில்லை. குரோம் மஞ்சள் ஒளிபட்டுப் பழுப்பேறுவதன் வேதியியலை 2011இல் வெளியான ஆய்வுகள் விளக்கின. அந்நிறமியிலுள்ள குரோமியம் ஆறாம் இணைதிற நிலையிலிருந்து மூன்றாம் நிலைக்கு இறங்குவதே காரணம்.

இவற்றை அவன் அறியாமல் செய்தானல்லன். உணர்வுப்பதிவியலார் பரப்பிய நிறங்கள் நிலையற்றவை என்பதும், ஆகவே அவற்றைத் துணிந்து மிகையாகவே பூசவேண்டும், காலம் அவற்றை வேண்டிய அளவுக்கு மேலாகவே மென்மையாக்கிவிடும் என்பதும் 1888 ஏப்ரலில் அவன் தம்பிக்கு எழுதிய கருத்து. இதைக் கொண்டு, இன்றைய வெளிறிய நிலையும் ஓவியன் எதிர்பார்த்ததே, ஆதலின் குறையொன்றுமில்லை என வாதிடுவோர் இருக்கக்கூடும். நாம் அதற்கு உடன்படுவதற்கில்லை. அவன் எதிர்பார்த்தது மென்மையாதலை. எல்லா நிறங்களும் ஒரே அளவில் தணிந்திருந்தால் அவற்றின் உறவு கெட்டிராது. தாழ்ந்த சுருதியில் அதே இராகம் கேட்டிருக்கும். நிகழ்ந்ததோ சீரற்ற இழப்பு. இணையில் ஒன்று சென்றது, மற்றொன்று நின்றது.

அகப்பாடல்களில் தலைவியின் மாமைநிறத்தைப் பசலை உண்ணும் என்பது மரபு. அங்கும் நிறம் இருண்டுவிடுவதில்லை. ஒரு நிறம் சென்று வேறொரு நிறம் அவ்விடத்தைக் கொள்கிறது. பசலையைத் தலைவியின் இயல்பான மேனியழகு என்று உரை எழுதினால் மாணவர் நகைப்பர். சுவரின் நீலத்திற்குப் பொருள் கூறியபோது நாம் செய்தது ஏறத்தாழ அதுவே.

மூலமும் உரையும்

சரி, நம் கண்முன் இருப்பது நீலச் சுவர்தானே, இருப்பதைத்தானே திறனாய வேண்டும் என்பது வலுவானதொரு தடை. சுவடிப் பதிப்புடன் பழகியவர்க்கு இத்தடை புதிதன்று. ஏடு செல்லரித்துப் பாடம் சிதைந்த இடத்தில், உரையாசிரியர் கொண்ட பாடத்தை உரையிலிருந்து மீட்கிறோம். மேற்கோளாக மட்டும் எஞ்சிய நூல்களும் நம்மிடம் உண்டு. தகடூர் யாத்திரையின் செய்யுள்கள் சில நமக்குக் கிடைத்த வழியை நினைக்கலாம். ஐயரவர்கள் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்தது 1887இல். படுக்கையறை தீட்டப்பட்டது அதற்கு மறு ஆண்டு என்பது வெறும் தற்செயல். எனினும், வான் கோவின் கடிதம் இங்கே உரையின் பணியைச் செய்கிறது என்பது உண்மை. சுவரின் பாடம் சிதைந்துவிட்டது. உரையில் அது காக்கப்பட்டிருக்கிறது.

பாடபேதம் பார்க்கவும் வாய்ப்புண்டு. வான் கோ மருத்துவமனையில் இருந்த காலத்தில் முதல் ஓவியம் ஈரத்தால் பழுதுற்றது. அதைச் செப்பனிடுமுன் படியெடுத்துக்கொள்ளும்படி தியோ கூறவே, 1889 செப்டம்பரில் சேன் ரெமியில் ஏறக்குறைய அதே அளவில் ஒரு படி தீட்டப்பட்டது. தாய்க்கும் தங்கைக்குமெனச் சிறியதாக மூன்றாவதும் அதே மாதத்தில் உருவாயிற்று. முதலாவது ஆம்சுடர்டாம் வான் கோ அருங்காட்சியகத்திலும், இரண்டாவது சிகாகோ கலைக்கழகத்திலும், மூன்றாவது பாரிசின் ஓர்சே அருங்காட்சியகத்திலும் உள்ளன. 2016இல் சிகாகோவில் மூன்றும் ஒருங்கே காட்சிக்கு வைக்கப்பட்டன. முதல் நிறங்களைக் கணினியில் மீட்டுருவாக்கிய படங்களும் வெளிவந்துள்ளன. ஊதாச் சுவருடன் அவ்வறையை முதன்முறை பார்ப்பவர் சற்றே திகைப்பர். நம் அனுபவத்தில், பழகிய நீலத்தை விட்டுக்கொடுக்க மனம் எளிதில் இசைவதில்லை. மீட்டுருவாக்கங்களை மூலத்தின் இடத்தில் வைப்பது தவறு. கணினித் திரையின் ஊதா, எண்ணெய்க் குழம்பின் ஊதாவாகாது. அவை உரைக்கு உரை.

கடிதம் கிடைக்காத ஓவியங்களில் என் செய்வது என்று கேட்கலாம். சிலவேளை ஓவியமே சான்று தரும். ரெனுவார் 1883இல் தீட்டிய மேடம் லியோன் கிளாப்பிசோன் என்பாரின் உருவப்படம் சிகாகோவில் உள்ளது. அதன் பின்னணி நீலமும் சாம்பலுமாகக் குளிர்ந்து காணப்பட்டது. சட்டத்தைக் கழற்றியபோது, ஒளி படாமல் சட்டத்தின் அடியில் மறைந்திருந்த விளிம்பில் செறிந்த சிவப்பு அவ்வாறே இருந்தது. ஒரு விரற்கடைப் பட்டை, ஓவியம் முழுவதற்கும் சாட்சி சொல்லிற்று.

வகுப்பறையில் நாம் காட்டும் படங்களைப் பற்றியும் ஒரு சொல். அச்சில் நான்கு மைகளாலும் திரையில் மூன்று ஒளிகளாலும் உருவாகும் நிறம் செறிவைத் தன் விருப்பப்படி மாற்றுகிறது. விற்பனைக்கென அச்சிடப்படும் படங்களில் செறிவு வேண்டுமென்றே கூட்டப்படுவதும் உண்டு. இரண்டு நூல்களிலுள்ள படுக்கையறைப் படங்களை அடுத்தடுத்து வைத்து மாணவரைப் பார்க்கச் செய்தால், எது ஓவியம் என்னும் வினா அவர்களிடமிருந்தே எழும். கடிதத்தின் நிறப்பட்டியலை முதலில் தந்து, அதைக்கொண்டு அறையை அவர்களே வண்ணமிட்டபின் படத்தைக் காட்டும் முறையையும் நாம் கையாண்டு பார்த்ததுண்டு. அப்போது சுவரை நீலமாக்கியவர் எவருமில்லை.

இரு கடிதங்கள்

தரையைப் பற்றிச் சொல்லவேண்டியது ஒன்று எஞ்சியுள்ளது. இன்று அத்தரை சிவப்பு என்று சொல்லத்தக்கதாக இல்லை. பழுப்பும் மங்கிய இளஞ்சிவப்பும் கலந்த பரப்பாகத் தெரிகிறது. சுவருக்கு நேர்ந்ததே தரைக்கும் நேர்ந்தது, சிவப்பு ஓடு வெளிறிவிட்டது என்று உடனே முடிவுகட்டத் தோன்றும். வெளிறியிருக்கவும் கூடும். ஆனால் தியோவுக்கு எழுதியதை அடுத்து, ஆர்லுக்கு வரவிருந்த ஓவியன் பால் கோகனுக்கும் வான் கோ அதே அறையைப் பற்றி எழுதினான். பட்டியல் ஏறத்தாழ ஒன்றே. வேறுபாடு சில சொற்களில். தம்பிக்கு வெண்ணெயின் மஞ்சள் என்று சொல்லப்பட்ட கட்டில், ஓவியனுக்குக் குரோம் மஞ்சள் என்று நிறமியின் பெயரால் சொல்லப்படுகிறது. தம்பிக்குச் சிவப்பு ஓடு என்று மட்டும் சொல்லப்பட்ட தரை, ஓவியனுக்கு எழுதும்போது உடைந்த, வாடிய சிவப்பு என்று செறிவின் அளவோடு குறிக்கப்படுகிறது.